குப்பியின் விலையும் சிகிச்சையின் விலையும்

வைத்தியசாலைக் கட்டிலின் அருகே இரும்புத் தண்டொன்று நிற்கின்றது. அதன் உச்சியில் தொங்கும் பையிலிருந்து மருந்து துளித்துளியாக இறங்குகின்றது. மெல்லிய குழாய் வழியே வந்து, நோயாளியின் கையில் செருகியிருக்கும் சிறு குழலினூடாக நாளத்துட் புகுந்து, இரத்தத்தோடு கலந்துவிடுகின்றது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவி அத்துளிகளைப் பார்த்தவாறே இருக்கின்றாள். அவளுடைய மனமோ வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றது. "இந்த மருந்துக்கு எவ்வளவு முடியும்?" என்பதே அக்கணக்கு.

தனியார் வைத்தியசாலையாயின் அக்கேள்வி கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதா, விற்பதா என்னும் மற்றொரு கேள்வியில் வந்து முடிவதும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையாயின், "இங்கே எல்லாம் இலவசந்தானே" என்று அது அடங்கிவிடும். இவ்விரு இடங்களிலும் ஒரே தவறு நேருகின்றது. மருந்துக் குப்பியின் விலையே சிகிச்சையின் விலை என்று எண்ணிவிடுவதுதான் அத்தவறு.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு பகுதிகளைக் கொண்டது என்று வள்ளுவர் வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து அம்மருந்தை முறைப்படி கொடுப்பவன் மற்றொருவன். மருந்து என்பது நான்கில் ஒரு பங்கே. நாளத்தின் வழியே ஏற்றப்படும் நுண்ணுயிர்கொல்லிகளின் செலவைக் கணக்கிடப் புகுவோருக்கும் இந்த நான்கு பகுப்புமே நல்ல வழிகாட்டியாகும்.

முதலில், மருந்தை வாயால் விழுங்காது நாளத்தினூடாக ஏற்றுவது எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். சில மருந்துகள் இரைப்பையின் அமிலத்தில் சிதைந்துபோகின்றன. முதன்முதல் கண்டறியப்பட்ட பெனிசிலின் அவ்வகையினது. வேறு சில, ஜென்டமைசினைப் போலக் குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுகின்றன. நோயாளி மயங்கிக் கிடக்கும்போதும், வாந்தி நில்லாதபோதும் குளிசை பயன்படாது. கிருமி இரத்தத்திற் பரவி இரத்த அழுத்தம் வீழ்ந்துகொண்டிருக்கும் வேளையிலோ, மூளையை மூடியிருக்கும் சவ்வைக் கிருமி தாக்கிய வேளையிலோ, மருந்து உடனே முழு அளவில் இரத்தத்தை அடைந்தாக வேண்டும். அத்தகைய நிலையில் நாளவழியே உயிர்வழி.

இச்சிகிச்சையின் தொடக்கமே விலையைப் பற்றிய ஒரு பெரும் பாடமாக அமைந்தது. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஆயினும் அதனை மருந்தாகப் பிரித்தெடுக்கும் பணி, பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின்னர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவார்ட் புளோரியின் தலைமையில் நடைபெற்றது. உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பூஞ்சணத்தை வளர்ப்பதற்குத் தகுந்த பாத்திரங்கள் கிடைக்கவில்லை. நோயாளர் படுக்கையில் மலங்கழிக்கப் பயன்படுத்தும் சட்டிகளையே முதலில் எடுத்து அவற்றிற் பூஞ்சணத்தை வளர்த்தார்கள்.

1941ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ்காரருக்கு அந்த மருந்து நாளத்தின் வழியே செலுத்தப்பட்டது. அவருடைய முகமும் தலையும் சீழ்க்கட்டிகளால் நிறைந்திருந்தன. ஒரு கண்ணும் போய்விட்டது. முதலில் 200 மில்லிகிராம். பின்னர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம். ஒரு நாளைக்குள் மாற்றம் தெரிந்தது. காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது. ஆனால் உலகில் இருந்த பெனிசிலினோ மிகச் சிறிதளவே. அவருடைய சிறுநீரைச் சேர்த்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அதில் வெளியேறிய மருந்தை மீண்டும் பிரித்தெடுத்து அவருக்கே ஏற்றினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்துபோயிற்று. நோய் திரும்பியது. மார்ச் 15ஆம் திகதி அவர் இறந்தார்.

அந்த ஐந்து நாளிலும் அவருக்குக் கிடைத்த மருந்து சுமார் 4.4 கிராம் மட்டுமே. அதுவும் தூய்மை குறைந்தது. இன்று பத்து இலட்சம் அலகு கொண்ட ஒரு சிறு குப்பியில் சுமார் 600 மில்லிகிராம் தூய பெனிசிலின் அடங்கியிருக்கின்றது. அதனை உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்.

அந்தத் தட்டுப்பாடு எவ்வாறு நீங்கிற்று? புளோரியும் அவருடைய உதவியாளர் நோர்மன் ஹீட்லியும் 1941இல் அமெரிக்கா சென்றனர். அங்கே பியோரியா என்னும் நகரத்து ஆய்வுகூடத்தில், சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும்போது எஞ்சும் கழிவுநீரிற் பூஞ்சணம் செழித்து வளர்வது கண்டறியப்பட்டது. பின்னர் பேருருவத் தொட்டிகளில், காற்றைச் செலுத்தியவாறு, அதனை ஆழத்தில் வளர்க்கும் முறை வந்தது. 1943இல் ஒரு வேளை மருந்து 20 டொலராக இருந்தது. 1946இல் அது ஒரு டொலரின் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. பொன்னிலும் அரிதாயிருந்த பொருள் மூன்றே ஆண்டுகளிற் சாதாரண மக்களுக்கும் எட்டியது.

இவ்வாறு குப்பியின் விலை இறங்கியபோதும், சிகிச்சையின் விலை அதனோடு சேர்ந்து இறங்கவில்லை. ஏனைய மூன்று பங்குகளும் அப்படியே நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, மருந்தைக் கொடுப்பவரின் பங்கு. குப்பியில் இருப்பது பெரும்பாலும் தூள். அதனைக் கிருமி நீக்கிய நீரிற் கரைக்க வேண்டும். அதற்கு ஊசி வேண்டும், ஊசிக்குழல் வேண்டும், பஞ்சு, மதுசாரம், கையுறை, சேலைன் பை, இணைப்புக் குழாய் என்பன வேண்டும். கையிற் செருகிய கனுலா வீங்கிச் சிவந்தால் அதனைக் கழற்றி வேறிடத்திற் புதிதாகச் செருக வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தனிப் பெட்டியிலிட்டுப் பாதுகாப்பாக எரிக்க வேண்டும். இவையாவற்றையும் செய்வதற்குப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். பெனிசிலின் உடலிலிருந்து விரைவில் வெளியேறுவதால், கடுமையான நோய்களில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகின்றது. ஒரு நாளைக்கு 6 வேளை; இரண்டு கிழமைக்கு 84 வேளை. செப்ட்ரையக்சோன் என்னும் மருந்து உடலில் நெடுநேரம் நிற்பது. பல நோய்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். இரண்டு கிழமைக்கு 14 வேளை. ஒவ்வொரு வேளைக்கும் தாதியின் நேரம் 10 நிமிடம் எனக் கொண்டால், முதலாவதற்கு 14 மணித்தியாலம் செல்லும். இரண்டாவதற்கு இரண்டு மணித்தியாலமும் 20 நிமிடமுமே செல்லும். 84 ஊசிக்குழல்கள் எங்கே, 14 ஊசிக்குழல்கள் எங்கே! குப்பி மலிவாயிருந்தும் சிகிச்சை விலையேறுவதும், குப்பி சற்று விலையாயிருந்தும் சிகிச்சை மலிவாவதும் இவ்வாறுதான்.

அப்படியாயின் யாவருக்கும் செப்ட்ரையக்சோனையே கொடுத்துவிடலாமே என்று நேயர்கள் எண்ணக்கூடும். அங்கேதான் கணக்கு மீண்டும் சிக்கலாகின்றது. பெனிசிலின் குறித்த சில கிருமிகளை மட்டும் தாக்குவது. செப்ட்ரையக்சோனோ பலவகைக் கிருமிகளைத் தாக்குவது. அவ்வாறு பரந்து தாக்கும் மருந்தை எடுத்ததற்கெல்லாம் வழங்கினால், அதனை எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருகும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் நுண்ணுயிர்கொல்லிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தது. முதலிற் பயன்படுத்தத் தக்கவை ஒரு வகுப்பு. கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை மற்றொரு வகுப்பு. இறுதிக் கட்டத்துக்கென ஒதுக்கிவைக்க வேண்டியவை மூன்றாம் வகுப்பு. பெனிசிலின் முதல் வகுப்பிலும், செப்ட்ரையக்சோன் இரண்டாம் வகுப்பிலும் வைக்கப்பட்டுள்ளன. தாதியின் நேரத்தை மிச்சப்படுத்தும் மருந்து, நாளைய நோயாளியின் மருந்தைச் செலவழித்துவிடவும் கூடும்.

இரண்டாவது, நோயைத் தீர்ப்பவரின் பங்கு. இதில் வைத்தியரின் கட்டணத்தோடு ஆய்வுகூடச் செலவும் அடங்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பவற்றை அறிய இரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்க்க வேண்டும். அதன் முடிவு வருவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதுவரை பல கிருமிகளையும் தாக்கவல்ல மருந்தை வைத்தியர் கொடுத்து, முடிவு வந்தபின் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றுவார். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவை வீண் என்று கருதுவோர் உளர். உண்மையில், விலையுயர்ந்த மருந்தை நிறுத்தி விலை குறைந்ததற்கு மாறத் துணிவு தருவது இப்பரிசோதனைதான்.

மருந்தே சில பரிசோதனைகளை வேண்டி நிற்பதும் உண்டு. ஜென்டமைசின் விலை குறைந்த மருந்து. ஆயினும் அது சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடியது. ஆதலால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்துவர வேண்டும். வன்கோமைசினைக் கொடுக்கும்போதும் அத்தகைய கண்காணிப்பு வேண்டும். அதனை ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றவும் வேண்டும். குப்பியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இவை காணப்படமாட்டா.

குழந்தைகளின் விடுதியில் இன்னொரு செலவு உண்டு. குழந்தைக்கு வேண்டியது ஒரு குப்பியின் காற்பங்காக இருக்கலாம். ஒரு குப்பியைத் திறந்து கரைத்தபின், எஞ்சியதைப் பெரும்பாலும் நெடுநேரம் வைத்திருத்தல் இயலாது. எனவே காற்பங்கு உடலிற் சேர, முக்காற்பங்கு கழிவாகிவிடும். விலை முழுக் குப்பிக்குமே.

மூன்றாவது, நோயுற்றவரின் பங்கு. இது எந்தச் சிட்டையிலும் எழுதப்படாதது. ஆயினும் பல குடும்பங்களுக்கு மிகவும் பாரமானது. என்புக்குட் கிருமி புகுந்த ஒரு கூலித்தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய நோய்க்கு நெடுங்காலமாக ஆறு கிழமை வரையில் நாளவழி மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. ஆறு கிழமை என்பது 42 நாள். அந்த 42 நாளும் அவருக்குக் கூலி இல்லை. பக்கத்தில் நிற்கும் மனைவிக்கும் கூலி இல்லை. நாள்தோறும் பஸ் கட்டணம், சாப்பாடு, வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பவருக்குச் சிறு கைம்மாறு. மருந்து முற்றிலும் இலவசமாகவே கிடைத்தாலும் அக்குடும்பம் கடனாளியாகிவிடலாம். தவணை முடியுமுன்னரே, "சுகம் வந்துவிட்டது, துண்டு வெட்டித் தாருங்கள்" என்று சிலர் வைத்தியரை வற்புறுத்துவதன் காரணம் பெரும்பாலும் அறியாமையன்று. வீட்டில் அடுப்பு எரியாமையே.

இனி, இலவசம் என்னும் சொல்லையும் சிறிது ஆராய வேண்டும். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் விடுதி நோயாளரிடம் மருந்துக்குப் பணம் வாங்கப்படுவதில்லை. இது இந்நாட்டின் பெருஞ் சிறப்புகளுள் ஒன்று. எனினும் குப்பிக்கு விலை இல்லாமற் போவதில்லை. பொதுப் பணத்திலிருந்து அது கொடுக்கப்படுகின்றது. நாளவழி மருந்துகளிற் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், வெளிநாட்டு நாணயத்திலேயே அதனைக் கொடுக்க வேண்டியிருக்கின்றது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, அதன் நோக்கம் இந்தச் செலவைக் கட்டுப்படுத்துவதாகவே இருந்தது. கம்பனிகள் இட்ட வியாபாரப் பெயர்களைப் பார்த்து வாங்காது, மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கினால் அதே மருந்தைக் குறைந்த விலைக்குப் பெறலாம் என்பதை அவர் செய்து காட்டினார். 2022இல் வெளிநாட்டு நாணயம் வற்றியபோது வைத்தியசாலைகளில் மருந்துகள் அருகின. இலவசமாகக் கிடைத்த குப்பிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கணக்கு நின்றது என்பது அப்பொழுது யாவருக்கும் புலப்பட்டது.

செலவு இவ்வாறு பலமுகமாயிருப்பதால், அதனைக் குறைக்கும் வழியும் குப்பியின் விலையைக் குறைப்பதோடு முடிவதில்லை. நாளவழிச் சிகிச்சையைத் தேவையான அளவுக்கு மேல் நீட்டாதிருப்பதே மிகச் சிறந்த சிக்கனம்.

இதற்குச் சான்றாகப் பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறலாம். என்பிலும் மூட்டிலும் கிருமித்தொற்றுக் கண்ட 1,054 பேர், 26 வைத்தியசாலைகளிலிருந்து அதிற் சேர்க்கப்பட்டனர். சிகிச்சை தொடங்கி ஒரு கிழமைக்குள் அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு முதல் ஆறு கிழமையும் நாளவழி மருந்து. மற்றப் பிரிவினருக்கு அவரவர் கிருமிக்கேற்ற குளிசை. 2019இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் சிகிச்சை தோல்வியுற்றோர் நாளவழிப் பிரிவில் 100க்கு 14.6, குளிசைப் பிரிவில் 100க்கு 13.2. குளிசை எவ்வகையிலும் தாழ்ந்துவிடவில்லை. செருகிய குழலால் வந்த தொல்லைகள் நாளவழிப் பிரிவில் 100க்கு 9 பேருக்கு மேல். மற்றதில் 100க்கு ஒருவர். வைத்தியசாலையிற் தங்கிய நாட்களும் நாளவழிப் பிரிவினருக்கே அதிகம். செலவைப் பார்த்தபோது, குளிசைப் பிரிவில் ஒருவருக்குச் சுமார் 2,700 பவுண் மிச்சம்.

பல தலைமுறைகளாக வைத்தியர்களும் நோயாளரும் 'ஊசிதான் வலியது' என்று கொண்டிருந்த நம்பிக்கை இவ்வாறு சோதனைக்கு உட்பட்டது. மெட்ரோனிடசோல், லெவொபுளொக்சசின் முதலிய மருந்துகளை விழுங்கினாலும் ஏறத்தாழ முழுவதும் இரத்தத்தைச் சென்றடைகின்றன. அத்தகைய மருந்தை, உண்ணவும் பருகவும் கூடிய ஒருவருக்கு ஊசியால் ஏற்றுவதிற் பயன் மிகுவதில்லை, செலவே மிகுகின்றது.

ஆகையாற்றான் நாளவழி மருந்து தொடங்கி 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அதனை மறுபரிசீலனை செய்யும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. காய்ச்சல் தணிந்திருக்கின்றதா, நாடியும் இரத்த அழுத்தமும் சீராகிவிட்டனவா, உணவு தங்குகின்றதா, அந்தக் கிருமிக்கேற்ற குளிசை உண்டா என்பவற்றை வைத்தியர் பார்ப்பார். யாவும் பொருந்தினால் குளிசைக்கு மாற்றுவார். அவ்வாறு மாற்றும்போது, "ஊசியை நிறுத்திவிட்டார்களே, கவனிக்கவில்லையே" என்று உறவினர் மனம் நோகவேண்டியதில்லை. நோயாளி தேறிவருகின்றார் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

குளிசைக்கு மாற்ற முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1974ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், நுரையீரல் நோயுற்ற சிறுவர்களுக்கு வீட்டிலேயே நாளவழி மருந்தேற்றும் முறை தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில், உடல்நிலை சீரான நோயாளர் நாளாந்தம் வைத்தியசாலைக்கு வந்தோ, வீட்டுக்கு வரும் தாதியின் உதவியாலோ மருந்தை ஏற்றிக்கொள்கின்றனர். கட்டிற் செலவு குறைகின்றது. நோயாளி தம் வீட்டில் உறங்குகின்றார். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதுமான மருந்துகள் இதற்கே மிகவும் உதவுகின்றன. எனினும் இதற்கும் ஒழுங்கான கண்காணிப்பு வேண்டும். கண்காணிப்பு இல்லாதவிடத்து இச்சிக்கனம் ஆபத்தாக முடியும்.

சிக்கனம் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. கிருமி இரத்தத்திற் பரவி, நோயாளி நடுங்கி, மூச்சு வாங்கி, அறிவு தடுமாறும் நிலையில், செலவை எண்ணித் தாமதிப்பது உயிரையே விலையாகக் கொடுப்பதாகும். அங்கே ஒரு மணித்தியாலமும் பெரிது. அவ்வாறே, தொடங்கிய சிகிச்சையைப் பணமில்லை என்று சொல்லாமல் இடையிற் கைவிட்டுப் போவதும் கூடாது. அடங்கிய நோய் மீண்டும் மூளும்போது முன்னைய செலவு முழுவதும் வீணாகி, புதிய செலவு இருமடங்காக வரும். தனியார் வைத்தியசாலையிற் பணம் போதாதெனின், சிகிச்சைப் பத்திரங்களோடு அரசாங்க வைத்தியசாலைக்கு மாற்றும்படி வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்பதே தக்கது.

வைத்தியரிடம் கேட்கத் தக்க கேள்விகள் வேறும் உண்டு. இந்த மருந்து எந்தக் கிருமிக்காக? எத்தனை நாளைக்கு? பரிசோதனை முடிவு எப்போது வரும்? குளிசைக்கு மாற்றும் காலம் எப்போது? இதே மருந்து பொதுப் பெயரிற் குறைந்த விலைக்குக் கிடைக்குமா? இவற்றைப் பணிவோடு கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. முன்கூட்டியே விடை தெரிந்தால் குடும்பம் தன் பணத்தையும் நாளையும் திட்டமிட்டுக்கொள்ளலாம். சங்கிலியை விற்கும் அவசரம் பல வேளைகளில் விலையினாலன்றி, விலை தெரியாத அச்சத்தினாலேயே உண்டாகின்றது.

1945ஆம் ஆண்டு டிசெம்பரில் நோபல் பரிசு பெற்று உரையாற்றிய பிளெமிங், பெனிசிலினைப் போதாத அளவிற் பயன்படுத்தினால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அன்று மருந்து இல்லாமையால் ஒரு பொலிஸ்காரர் இறந்தார். மருந்து இருந்தும் அது கிருமியிடம் பலியாத நிலை வருமாயின், அதற்கு எந்தத் தொகையைச் சிட்டையில் எழுதுவது? நாளவழி மருந்தை வேண்டிய பொழுதிற் தயங்காமலும், வேண்டாத பொழுதில் விரும்பாமலும், தொடங்கியபின் குறைவின்றியும் கொள்ளுதல், கட்டிலில் இருப்பவருக்கும், அவர் அருகே துளிகளைப் பார்த்திருப்பவருக்கும், அதே கட்டிலுக்கு நாளை வரப்போகின்றவருக்கும் செய்யும் நன்மையாகும்.